எண்ணிக்கையும் அணுவிரதமும்



குழந்தைக்குப் பணத்தை எண்ணக் கற்பிப்பது பற்றி ஜினாலய வளாகத்தில் பேசலாமா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். பற்றறுத்தலைச் சொல்லும் சமயத்தில் பணத்திற்கு என்ன இடம்? இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்களில் ஐந்தாவதை எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். பொருள் அனைத்தையும் துறப்பது துறவியர்க்குரிய மகாவிரதம். இல்லறத்தார்க்கோ, 'இவ்வளவு போதும்' என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொள்வதே விரதம். பரிக்கிரக பரிமாணம் என்பது அதன் பெயர். பரிமாணம் என்றால் அளவு. எண்ணத் தெரியாதவர் அளவை எவ்வாறு வகுப்பார்?

முன்பு இக்கல்வி தானாகவே நடந்தது. நெல்லும் வேர்க்கடலையும் விற்ற பணத்தைத் தாத்தா திண்ணையில் அமர்ந்து எண்ணுவார். பேரன் பக்கத்தில் இருந்து பார்ப்பான். 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்றான பின்னரும், பதினாறணாக் கணக்கில் வளர்ந்தவர்கள் நாலணா, எட்டணா என்றே சொல்லி வந்தார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டு கணக்கையும் கற்றார்கள். இன்று கைப்பேசியைக் காட்டியதும் பொருள் வந்துவிடுகிறது. கொடுத்ததனால் குறைந்தது என்பதைக் குழந்தையின் கண் காண்பதில்லை. ஆகவே, தானாக நடந்ததை இனி முயன்று நடத்த வேண்டியிருக்கிறது.

நான்கைந்து வயதுக் குழந்தையின் முன் ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களையும் ஒரேயொரு பத்து ரூபாய் நாணயத்தையும் வைத்தால், பெரும்பாலும் ஐந்தையே அள்ளிக்கொள்ளும். அதனைக் கண்டு நகைக்க வேண்டுவதில்லை. அந்த வயதில் எது பல, அதுவே மிகுதி. பத்து ரூபாய்க்கு எதிரே பத்து ஒரு ரூபாய்களை வரிசையாக அடுக்கி, இதுவும் அதுவும் சமம் என்று பல நாள் காட்ட வேண்டும். பின்னர் இரண்டு ஐந்து. அதன்பின் ஐந்து இரண்டு. 20 ரூபாய் நாணயத்தின் பன்னிரண்டு பக்கங்களை விரலால் தடவி எண்ணச் சொன்னால் குழந்தைக்கு அதுவே விளையாட்டு. 10 ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்துள்ளது என்றும் அனைத்தும் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தது. அதன் பின்னும் அதை வாங்க மறுத்த கடைகள் தமிழ்நாட்டில் உண்டு. குழந்தை கடைப்பேச்சை நம்பி நாணயத்தை ஒதுக்கிவிடாதபடி உண்மையைச் சொல்லி வைப்பது நன்று.

தாள்களில் நிறமும் நீளமும் துணை செய்யும். புதிய வரிசையில் 10 ரூபாய்த் தாள் 123 மில்லிமீட்டர் நீளம். 500 ரூபாய்த் தாள் 150. பின்புறம் உள்ள பட்டியில் பதினைந்து மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டிருக்கும். கீழிருந்து மூன்றாவது தமிழ். எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தை அதைத் தானே தேடிப் படிக்கட்டும். புதிய 20 ரூபாய்த் தாளில் எல்லோராக் குகைகள் இருக்கின்றன. அங்குள்ள சமணக் குகைகளைப் பற்றிச் சொல்லவும் அது நல்ல வாய்ப்பு.

மீதி கொடுக்கும் முறையைக் கடைக்காரரிடமிருந்தே கற்கலாம். 37 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் கொடுத்தால், தேர்ந்த வணிகர் கழித்துப் பார்ப்பதில்லை. மூன்று வைத்து 'நாற்பது', பத்து வைத்து 'ஐம்பது', ஐம்பது வைத்து 'நூறு' என்பார். கழித்தலுக்கு அஞ்சும் குழந்தையும் இதைச் செய்துவிடும்.

கடினமான பாடம் இதன் பின்னரே வருகிறது. கடைக்குப் போன சிறுமி பத்து ரூபாய் கூடுதலாகக் கொண்டு வருகிறாள். எண்ணத் தெரிந்ததனால் அவளே அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறாள். 'அவர்தானே கொடுத்தார், இருக்கட்டும்' என்று வீட்டார் சொன்னால், அதுவரை கற்பித்த எண்ணிக்கை எதற்கு? கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்பது உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். கடைக்காரரின் கை கொடுத்தது. அவர் உள்ளம் கொடுக்கவில்லை. வெயில் தாழ்ந்த பின்னராவது அந்தப் பத்து ரூபாய் கடைக்குத் திரும்ப வேண்டும். அதைச் சிறுமியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கள்ளாமைக்கு நேரும் குற்றங்களாக அந்நூல் ஐந்தைக் கூறுகிறது. குறைத்து அளந்து கொடுத்து மிகுத்து அளந்து வாங்குவது அவற்றுள் ஒன்று. போலியை நல்லதென்று தள்ளிவிடுவது மற்றொன்று. கிழிந்த தாளை உட்புறமாக மடித்து, 'பிள்ளை கொடுத்தால் பார்க்கமாட்டார்' என்று குழந்தையின் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் நல்ல குடும்பங்களிலும் உண்டு. சொல்லக் கூச்சமானாலும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தாளை வங்கிக் கிளையில் மாற்றிக்கொள்ளலாம். குழந்தையை உடன் அழைத்துச் சென்று மாற்றினால் அரை மணி நேரம் செலவாகும், அவ்வளவே.

ஊர்தோறும் உள்ள ஜினாலயங்களில் இதற்கெல்லாம் ஏற்ற பள்ளி ஒன்று இருக்கிறது; உண்டியல் திறக்கும் நாள். பெரும்பாலும் அன்று பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். மாறாக, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை மண்டபத்தில் அமர்த்தி, நாணயங்களை வகைவகையாகப் பிரிக்கச் சொல்லலாம். பத்துப் பத்தாக அடுக்கி, ஒருவர் அடுக்கியதை மற்றொருவர் சரிபார்க்கட்டும். வீட்டில் எண்ணும் பணத்தில், 'இதில் எனக்கு எவ்வளவு?' என்ற கேள்வி குழந்தையின் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே அது எழ இடமில்லை. பகவானுக்கு அளித்தது நிர்மால்யம், அது ஒருவருக்கும் உரியதன்று என்பதைப் பூசையில் வைத்த அரிசியிலேயே பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். குவியலாகக் கிடக்கும் பணத்தை ஆசையின்றி எண்ணுவது எவ்வாறு என்பதை விரல்களே கற்றுக்கொள்ளும்.

அடுக்குகள் முடிந்ததும் தொகையைக் கூட்டி ஒரு தாளில் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளின் தொகை ஒத்துவராவிட்டால், இரவு நேரமானாலும் மீண்டும் ஒருமுறை எண்ண வேண்டும். ஒத்து வந்த பின், பிள்ளைகள் எழுதிய அந்தத் தாளைப் பார்த்தே பொருளாளர் பேரேட்டில் பதியட்டும்.