ஏழாம் மாசத்துலயே ஆரம்பிச்சோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாட்டுக் கடன், தையல் மிஷின், வாழைநார்க் கூடைன்னு பேசினாங்க. என்னை நாயைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. சிரிக்காதீங்க. போன மாதம் எங்க குழுக் கூட்டத்துல சேமிப்புப் பணம் எண்ணி முடிச்சு, தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடுற நேரம் ஒரு தங்கச்சி கேட்டுச்சு: "அக்கா, மக தலைப்பிரசவத்துக்கு வர்றா. வீட்ல நாய் இருக்கு. எங்க கொண்டு போய் விடலாம்?"

அந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. என் மகள் பிறந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பச்சைப்பிள்ளை வீட்டுக்கு ஆகாதுன்னு, அதைச் சாக்குல கட்டி சைக்கிள்ல வச்சு, காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தாங்க. நாலாம் நாள் ராத்திரி திரும்பி வந்துடுச்சு. காது கிழிஞ்சு, எலும்பும் தோலுமா. யாரும் கதவு திறக்கலை. நான் பிள்ளை பெத்த உடம்போட உள்ளே படுத்துக்கிட்டு அது வாசலைச் சுரண்டுறதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு வாரத்துல ரோட்டுல லாரி ஏத்திடுச்சு. நானும் எழுந்து போய்க் கதவைத் திறக்கலையே.

அந்த மகளுக்கு வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டு வர்ற நேரம், சம்பந்தியம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க: "அந்த நாய் இருக்கிற வீட்டுக்கு மருமகளை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை." அவங்க மேல எனக்குக் கோபம் வரலை. அவங்க தெருவில் ஒரு குழந்தையை நாய் கடித்ததைக் கண்ணால பார்த்தவங்க. ஆனா எங்க மணிதான் குழுக் கடன்ல வாங்கின ஆறு ஆட்டுக்கும் காவல். என் மகள் கையால இட்லி தின்னு வளர்ந்தவன். ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுன்னு சொன்னா என்ன செய்ய?

கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, குடற்புழு மருந்து கொடுத்து, உண்ணிக்கும் மருந்து எழுதினாங்க. நாயின் குடற்புழு முட்டை மண்ணில் கலந்து, தவழுற பிள்ளை கை வழியா வாய்க்குப் போகுமாம். இது எனக்கு அதுவரை தெரியாது. வெறிநோய் ஊசியை வருஷா வருஷம் தவறாமப் போடணும். ஊசி அட்டையைக் கொண்டு போய் சம்பந்தியம்மாகிட்ட காட்டினேன். பாதி மனசா சம்மதிச்சாங்க.

மீதி வேலை வீட்டில். டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: பிள்ளை வந்த அன்னைக்கு எல்லாத்தையும் மாத்தினா, பிள்ளையாலதான் தன் இடம் போச்சுன்னு நாய் நினைச்சுக்கும். மாத்த வேண்டியதை முன்னாடியே மாத்திடுங்க. மணி ராத்திரி மகள் கட்டிலுக்குக் கீழேதான் படுப்பான். ஏழாம் மாசத்துலயே திண்ணைக்குச் சாக்கை மாத்தினோம். மூணு ராத்திரி முனகினான். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. அதே நேரத்துல விட்டத்தில் புடவையால தூளி கட்டி, துணி மூட்டையை வச்சு ஆட்டினோம். முதல் நாள் அதைப் பார்த்துக் குரைச்ச குரைப்புல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க! உள்ளே பிள்ளை கிடக்கும்போது அப்படிப் பாய்ஞ்சிருந்தா? பத்து நாள்ல தூளியைத் திரும்பிப் பார்க்கிறதையே விட்டுட்டான். குழந்தை அழுகிற சத்தத்தை போன்ல மெல்லமா வச்சுக்கிட்டே சோறு போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாச் சத்தத்தைக் கூட்டினோம்.

பேத்தி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவளைச் சுத்தியிருந்த பழைய வேட்டித் துணியை வீட்டுக்காரர் முன்னாடியே கொண்டு வந்து, மணியைத் தள்ளி நின்னு மோப்பம் பிடிக்க விட்டு, ஒரு கறித்துண்டு போட்டார். வீட்டுக்கு வந்த அன்னைக்கு மகள் மட்டும் வெறுங்கையோட முதல்ல உள்ளே போனாள். அவன் குதிச்சு, சுத்தி, அழுது அடங்கட்டும்னு கால் மணி நேரம் நான் பிள்ளையோட பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான், சங்கிலியை வீட்டுக்காரர் பிடிச்சுக்க, நான் உள்ளே நுழைஞ்சேன். கிட்ட விடலை. தூரத்திலிருந்தே மூக்கைத் தூக்கிப் பார்த்துட்டுப் படுத்துட்டான்.

இதோட நல்லா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. தப்பு நான் பண்ணினேன். இருபதாம் நாள், கிழவி காலில் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டுறாங்க, பிள்ளை வீறிடுது, சாம்பிராணிப் புகை, வீடு நிறையச் சனம். மணி உறுமினான். எனக்கு உயிரே போயிடுச்சு. விளக்குமாத்தால நாலு போட்டேன். சம்பந்தியம்மா முகத்தைப் பார்க்கவே முடியலை. டாக்டரம்மாகிட்ட சொன்னப்போ அவங்க திட்டினது என்னைத்தான். உறுமல்ங்கிறது 'எனக்கு முடியலை, தள்ளிப் போங்க'ன்னு நாய் கொடுக்கிற நோட்டீஸ். அதுக்கு அடிச்சா, அடுத்த தடவை நோட்டீஸ் இல்லாமலே கடிச்சிடும்னாங்க. உறுமினா நாயை அமைதியா வெளியே கொண்டு போய்விடணும். அதுக்கு முன்னாடியே அடையாளம் இருக்கு: தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கும், கண்ணுல வெள்ளை தெரியும். அன்னைக்கு மணி இதெல்லாம் பண்ணியிருப்பான். நாங்கதான் கவனிக்கலை. இப்போ குளிப்பாட்டுற நேரம் அவன் ஆட்டுக் கொட்டகையில இருக்கான்.

எந்த நல்ல நாயா இருந்தாலும், பெரியவங்க இல்லாம பிள்ளையோட தனியா விடவே கூடாது. தண்ணி எடுத்துட்டு வர்ற நேரம்கூட கூடாது. ஏற்கெனவே ஆளைக் கடிச்ச நாயா இருந்தா, நான் சொன்னது மட்டும் போதாது. டாக்டரைக் கேளுங்க, தனியாக் கட்டி வையுங்க. கடியோ நகக்கீறலோ பட்டுட்டா, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. ஊசி இலவசம். சொல்ற தேதிக்கெல்லாம் போய் எல்லா ஊசியையும் முடிக்கணும். வெறிநோய் அறிகுறி வெளியே தெரிஞ்ச பிறகு காப்பாத்துறது ஏறக்குறைய முடியாத காரியம்.

கொண்டு போய் விட்டா தீர்ந்துதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. தெரியாத தெருவில் பசியோட, மத்த நாய்ங்ககிட்ட கடிபட்டு, அடுத்த வருஷ ஊசி இல்லாம அது அலையும். அந்தத் தெருவிலயும் தூளி கட்டியிருக்கிற வீடு இருக்கும் இல்லையா?

பேத்திக்கு இப்போ பதினோரு மாசம். சுவரைப் பிடிச்சு நடக்கிறா. வாலைப் பிடிக்கப் போறா, சோத்துச் சட்டிக்குப் போறா. பயம் இப்பதான் கூடியிருக்கு. வாசப்படிக்குக் குறுக்கே மூங்கில் தட்டி கட்டியிருக்கோம். மணிக்குச் சோறு கொட்டகையில. போன வாரம் சம்பந்தியம்மா வந்தாங்க. மணியைத் தொடலை. ஆனா போகும்போது, "அவனுக்குச் சோறு வச்சாச்சா?"ன்னு கேட்டாங்க.

ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம். அன்னைக்கு எங்க தெருவிலிருந்து மூணு நாய் ஊசிக்குப் போகுது. குட்டியானை வண்டி பேசியிருக்கோம், இன்னும் இடம் இருக்கு. வர்றவங்க கயிறும் பழைய சாக்கும் கொண்டு வாங்க. பேரை ஊக்குநர் அக்காகிட்ட கொடுத்துடுங்க. நாய் பேரையும் சேர்த்து.