பிளாச்சிமடை தரும் நம்பிக்கை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாளிதழைத் திறந்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு பக்கம் போர். மறுபக்கம் வெப்பம் மிகும் பூமி, வற்றும் நீர்நிலைகள். ஆளப் புகுந்தோரோ கட்சிப் பூசலில் காலம் கழிக்கின்றனர். “இனி உலகம் தேறுமா?” என்று நம் காலனியிலும் பலர் கேட்கின்றனர். விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இதே பாலக்காட்டு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே பிளாச்சிமடை என்றோர் ஊர் உளது.

2000-ஆம் ஆண்டில் அங்கே கோக்கோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை தொடங்கப்பெற்றது. ஆழ்குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. தங்கள் கிணறுகள் வற்றின என்றும், எஞ்சிய நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாதாயிற்று என்றும் மக்கள் முறையிட்டனர். கேட்பார் இல்லை. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலின் எதிரே பந்தலிட்டு அமர்ந்தனர். தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் அங்கே ஒன்றாயினர். முன்னின்றவர் மயிலம்மா என்னும் எரவாளர் பழங்குடி மாது. பதவியும் பொருளும் இல்லாதவர்.

பெரிய அரசுகள் தயங்கியபோது சிறிய பெருமாட்டி ஊராட்சி துணிந்தது. 2003-இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து என்று அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி தீர்ப்புரைத்தார். 2004 ஜனவரியில் உலகத் தண்ணீர் மாநாடு இம்மாவட்டத்திலேயே கூடிற்று. மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு முந்திய தீர்ப்பை மாற்றி, அளவுடன் நீர் எடுக்க அனுமதித்தது. ஆயினும் ஆலை நிலைபெற்று இயங்கவில்லை. மீண்டும் தொடங்கும் எண்ணம் இல்லையென 2017-இல் நிறுவனமே உச்சநீதிமன்றத்தில் கூறிவிட்டது.

இது முழு வெற்றியன்று. மயிலம்மா 2007-இல் மறைந்தார். இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-இல் அரசு அமைத்த குழு கணித்தது. ஈட்டுத்தொகை வழங்க நடுவர் மன்றம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. ஆட்சியின் மெத்தனத்துக்கு வேறு சான்று வேண்டுமோ? எனினும் அம்மக்கள் தங்கள் நீரைக் காத்தனர்.

அன்பர்களே! மழைக்கால இரவில் நம் இருப்புப்பாதைக் காவலர் கைவிளக்கேந்தித் தமக்குரிய மைல்களை மட்டுமே நடந்து பார்க்கிறார். எல்லையில் அடுத்த காவலரைக் கண்டு குறிப்பேட்டை மாற்றிக்கொண்டு திரும்புகிறார். பாதை முழுவதையும் அவர் காணார். எனினும் வண்டி பத்திரமாகச் செல்கிறது. நம்பிக்கை என்பதும் இதுவே. எல்லாம் தானே நலமாகும் என்று இருப்பதன்று. நம் பங்கை நாம் செய்வது.

“பிழைக்க வந்தவர் நாம், இவ்வூர் விவகாரம் நமக்கேன்?” என்று ஒதுங்குதல் தகாது. நாம் பருகுவது இம்மண்ணின் நீர். ஊர்க்கூட்டம் நடந்தால் செல்வோம்; குழாய் கசிந்தால் எழுதிக் கொடுப்போம்; அண்டை வீட்டு மலையாள அன்பரையும் உடனழைப்போம். அடுத்த ஆண்டு விழாவில், செய்தவற்றை ஒருவருக்கொருவர் கூறி மகிழ்வோம்.