வியர்வை உலருமுன் கூலி

 

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. 2021இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. அந்தத் துணிப்பையைத் தைப்பவர் யார்? அடுப்படி வேலை முடித்துத் தையல் மெஷினை மிதிக்கும் நம் தாய்மார்கள், சகோதரிகள்! பைக்கும் குழந்தைகளின் கவுனுக்கும் பீஸ் கணக்கில்தான் கூலி. நூல், ஊசி, கரண்டுச் செலவு பெரும்பாலும் அவர்கள் தலையில்.

அகமதாபாத்தைப் பாருங்கள். 1972இல் எலா பட் தொடங்கிய ‘சேவா’ சங்கத்தில், வெட்டுத்துணிகளை இணைத்து வீட்டிலேயே தைத்த முஸ்லிம் பெண்கள் ஒன்றுசேர்ந்து கூலி உயர்வு பெற்றார்கள்.

வாலிபர்களே! தையல் தொழிலாளர் நல வாரியம் நம் மாநிலத்தில் உண்டு. வீடு வீடாகச் சென்று நம் பெண்களைப் பதிவு செய்யுங்கள்.

வணிகர்களே! வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று இழுக்காதீர்கள். பையை வாங்கும் கையே கூலியையும் கொடுக்கட்டும்!