மணி தாஸுக்காகக் கலைக்கப்பட்ட அணி



அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவில் கால்பந்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "விளையாட்டுப் பேச்சா தோழர்?" என்று அமைப்புத் தோழர் ஒருவர் சிரித்தார். விளையாட்டைப் பற்றித்தான். ஆனால் தோலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் கூடியிருக்கும் தாம்பரத்தில் ரயிலேறினால் சானடோரியம், அடுத்து குரோம்பேட்டை, அதற்கடுத்து பல்லாவரம். 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் இந்தப் பகுதியில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. அங்கே தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சுரண்டிய கைகள் யாருடையவை என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவும் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். பள்ளியில் புதுக் கால்பந்து ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது மோந்து பார்த்தேன். அப்பாவின் சட்டை வாசம் அடித்தது.

இந்தத் தோல்தான் முதலில் பிரச்சினையானது. 1891-இல் ஸ்ரீநகரில் மிஷன் பள்ளி நடத்திய டிண்டேல் பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்தார். பையன்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். தோல் தீட்டு, தொடமாட்டோம் என்றார்கள். அவர் பிரம்பைக் காட்டி மைதானத்துக்கு ஓட்டிப் போனார். ஆட்டத்தில் பந்து ஒருவன் முகத்தில் பட்டுவிட, தீட்டாகிவிட்டது என்று அழுகை. வாய்க்காலில் கழுவிவிட்டு வந்து ஆடு என்றார் பிஸ்கோ. தோலின் தீட்டு அப்படிக் கழுவிப் போயிற்று. தோல் வேலை செய்தவரின் தீட்டு போகவில்லை. ஜலந்தரிலும் மீரட்டிலும் பந்து தைத்த குடும்பங்களில் ஏராளமானவை தலித் குடும்பங்கள். பந்து மைதானத்துக்குள் போனது, தைத்தவர் வெளியே நின்றார்.

இனி கல்கத்தாவுக்கு வருவோம். இந்திய மாணவர்களின் கால்பந்துக்கு அங்கே ஒரு தொடக்கக் கதை உண்டு. 1877-இல் ஹேர் பள்ளியில் படித்த சிறுவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய பந்து தன் பக்கம் உருண்டு வர, உதைத்துத் திருப்பி அனுப்பினான். பிறகு நண்பர்களைச் சேர்த்துப் பந்து வாங்கினான். பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் ஆட்ட விதிகளைக் கற்றுக்கொடுத்தார். கல்லூரி மாணவர்களிடையே ஆட்டம் பரவியது, சங்கங்கள் முளைத்தன.

1880களில் நாகேந்திர பிரசாத் நடத்திய வெலிங்டன் கிளப்பில் மணி தாஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்க நினைத்தார். மணி தாஸ் குயவர் வீட்டுப் பிள்ளை. பெரிய வீட்டு உறுப்பினர்கள், அவரோடு சேர்ந்து ஆடமாட்டோம் என்றார்கள். நாகேந்திர பிரசாத் மணி தாஸை "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பவில்லை. கிளப்பையே கலைத்தார். 1887-இல் சோவாபஜார் கிளப்பைத் தொடங்கினார். மணி தாஸ் அதில் சேர்ந்தார். 1892 பருவத்தில், டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் அதே சோவாபஜார், ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. வெள்ளைக்காரப் பட்டாளத்தை இந்திய அணி வென்ற முதல் வெற்றிகளில் ஒன்று அது.

1892-ஐக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. 1911 ஜூலை 29-இல் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் வாங்கியதைப் பாடப் புத்தகத்திலும் படிக்கிறோம். பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பது அந்தக் கதையின் பெருமை. ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வெறுங்கால் அவர்களுக்கு வீரம், நமக்கு அது கட்டளை. வெள்ளைக்காரனுக்கு எதிரான கோல்களை வரலாறு எண்ணி வைத்திருக்கிறது. சொந்த அணிக்குள் ஒருவருக்காக அணியே கலைந்ததை ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், சோவாபஜாரின் முதல் வெற்றி அதுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மணி தாஸ் தீண்டப்படாதவர் இல்லை. குயவரையே சேர்க்க மறுத்த மைதானத்தில் நம்மவர் எங்கே நின்றிருப்பார்? பதில் வேண்டுமானால் கிரிக்கெட்டைப் பாருங்கள். சமார் சாதியில் பிறந்த பல்வாங்கர் பாலு, புனேயில் இந்துக்கள் அணிக்குப் பந்து வீசினார். அவர் வீசிய தோல் பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில் தேநீர். அவர் திறமை வேண்டியிருந்தது, அவர் வேண்டியிருக்கவில்லை.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். நான் கல்லூரி அணியில் ஆடிய காலம். ஒரு கிராமத்தில் ஆட்டம். ஜெயித்தோம், நான் ஒரு கோல் போட்டேன். ஊர்ப் பெரியவர் வீட்டில் சாப்பாடு. வாசலில் யாரோ ஒருவர் வந்து என் தெருப் பெயரைக் கேட்டார். பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குத் திண்ணையில் இலை. உள்ளேயிருந்து ஒருவன் மட்டும் என்னைப் பார்த்தான், பிறகு சாம்பார் ஊற்றிக்கொண்டான். கெட்டவன் இல்லை, எனக்குப் பந்து தட்டிக் கொடுத்தவன்தான். அன்று ஒருவன் எழுந்திருந்தால் போதும், மற்றவர்களும் எழுந்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். யாரும் எழவில்லை. நானும் அந்த இலையில் சாப்பிட்டேன். பசி.

விளையாட்டு சாதியை ஒழிக்கும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். மைதானம் தானாக எதையும் ஒழிக்காது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லாருக்கும் திறந்தவை என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொது என்று பெயர் இருந்ததால் மட்டும் அவை பொதுவாகிவிடவில்லை. மைதானமும் அப்படித்தான்.

மாணவ நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரம் வந்தது. அதன் பின் இந்தப் புறநகரில் எத்தனையோ கல்லூரிகள், எத்தனையோ மைதானங்கள். உங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களை எடுங்கள். அணிப் புகைப்படங்களைப் பாருங்கள். அதில் யார் நிற்கிறார்கள், புல் வெட்டியவரும் கோடு போட்டவரும் எங்கே என்று கேட்டு எழுதுங்கள். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தோல் வேலை பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, உங்கள் அணியில் ஒருவருக்குத் திண்ணையில் இலை போட்டால், நீங்கள் எல்லாரும் எழுந்துவிடுங்கள். கோப்பை போனால் போகட்டும்.