வீட்டுப் பாவனைக்குக் காய்ச்சினாலும் குற்றமா?

(தொழிலாளர் நலன்புரிக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



"விக்கிறதுக்கு இல்லை ஐயா, எங்கட பாவனைக்கு ரெண்டு போத்தில் காய்ச்சினா அதுவும் குற்றமோ?" எண்டு பலபேர் கேக்கிறீங்கள். ஓம், குற்றந்தான்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரர் காலத்தது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் மதுசாரம் வடிக்கக் கூடாது என்பது அதன் விதி. சொந்தப் பாவனைக்கென்று அதில் விலக்கு இல்லை. கசிப்பு வடிப்பதற்காக ஊறவைத்த கோடாவையும், பரல், குழாய் போன்ற உபகரணங்களையும் வைத்திருப்பதும் குற்றமே. "இன்னும் அடுப்பில ஏத்தேல்லை" எண்டு நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப ஏலாது.

நியூசிலாந்தில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் வடிக்கலாம், விற்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் சொல்லுற கதையை நம்பி இங்கே அடுப்பு மூட்ட வேண்டாம். அது அந்த நாட்டுச் சட்டம்.

"கள்ளு விக்கினம்தானே?" எண்டும் கேப்பீங்கள். கள்ளுக்கும் அனுமதி வேணும். எங்கட பகுதியில் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாக அது நடக்கிறது. அதே கள்ளை வீட்டில் காய்ச்சி வடித்தால் அது வேறு குற்றம்.

பிடிபட்டால் வழக்கு, தண்டப்பணம், சிலவேளை மறியல். வழக்குக்கு அலையும் ஒவ்வொரு நாளும் சம்பளம் போகும். பிள்ளையின் கொப்பிக் காசும் அதோடு போகும்.

சட்டத்தை விடுவோம், உயிரைப் பாருங்கோ. 2024 ஜூனில் தமிழ்நாட்டில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெதனோல் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூலி வேலை செய்து வாழ்ந்த ஏழைச் சனமே அதிகம். மெதனோல் கலந்திருப்பதை மணத்திலோ நிறத்திலோ கண்டுபிடிக்க ஏலாது. பழைய ரேடியேற்றரைக் குழாயாகப் பாவித்தால் ஈயமும் கலக்கும்.

குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிறு நொந்து சத்தி எடுத்தால், மூச்சு வாங்கினால், பொலிசுக்குப் பயந்து வீட்டுக்குள்ள மறைக்காதேங்கோ. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. என்ன குடித்தவர் எண்டு டொக்டரிட்ட மறைக்காமல் சொல்லுங்கோ. மெதனோலுக்கு மாற்று மருந்து உண்டு. நேரத்தோட போனால்தான் அது உதவும்.

குடியை விட விரும்புறவை என்னட்டை வரலாம். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்.