மழைக்கால நீர்வீழ்ச்சிப் பயணம்: பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

(குடும்பக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன ஆடி மாதப் போயா விடுமுறையில் 26 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அபர்டீன் நீர்வீழ்ச்சிக்கும், கித்துல்கல பக்கத்தில் ஒரு குளிப்பிடத்துக்கும் போய்வந்தோம். அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே மழை. "இந்த மழையில புள்ளைகள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களாமே, பயமில்லையா?" என்று இரண்டு மூன்று தாய்மார் என்னிடம் நேராகவே கேட்டார்கள். கேட்டது நியாயம். அடுத்த பயணத்துக்குப் பெயர் எழுதுவதற்கு முன்னால் அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் மழை. நாங்கள் போன வழியில் இருக்கிற வட்டவளையில் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போகலாம் என்று இருந்தால் பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துவிடும். (சிரிப்பு) கம்பளியும் படங்கும் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கிற உங்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. நனைந்தால் தலையைத் துவட்டலாம். அட்டை கடித்தால் உப்பு இருக்கிறது, சவுக்காரம் இருக்கிறது. எனக்குப் பயமெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாமல் வேறெங்கோ பெய்கிற மழையில்தான்.

அபர்டீன் நீர்வீழ்ச்சி 98 மீட்டர் உயரம். கெசல்கமு ஓயாதான் அங்கே விழுகிறது. அந்த ஓயா பொகவந்தலாவைப் பக்கமிருந்து நோர்வூட் வழியாக வந்து, காசல்ரீ அணைக்கட்டில் தேங்கி, பிறகு நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர அணைக்கட்டுக்கு வருகிறது. அதற்கும் கீழேதான் அபர்டீன். பொகவந்தலாவையில் லயத்துத் தகரத்தில் விழுந்து கானில் ஓடுகிற தண்ணிதான் கடைசியில் அங்கே வந்து கொட்டுகிறது. மேலே பெரிய மழை பெய்து அணைக்கட்டு நிரம்பினால் வான்கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த நேரம் கீழே நல்ல வெயிலாகக்கூட இருக்கும். குளிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால்தான் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப்போனோம். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களத் தம்பி, தமிழும் நன்றாக வரும். பிள்ளைகள் அவரை "அய்யா" என்றார்கள். சிங்களத்தில் அது அண்ணன், தமிழில் பெரியவர். இரண்டும் அவருக்குப் பொருந்தியது. பஸ்ஸில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, நோர்ட்டன் பிரிட்ஜில் கடை வைத்திருக்கிற கூட்டாளிக்குப் போன் போட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று விசாரித்ததுதான். "ஆத்தப் பாக்க ஆளுக்கு எதுக்குக் காசு?" என்று ஒரு தகப்பன் கேட்டார். அந்த ஒரு போனுக்கே நான் கொடுப்பேன்.

அபர்டீனை மேலேயிருந்து பார்த்தோம். இறங்கவில்லை. பெரிய பையன்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. கித்துல்கல போய், அணைக்கட்டு ஒன்றும் இல்லாத சின்ன ஓடை ஒன்றில்தான் குளிக்க விட்டார். அதிலும் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணி விழுகிறது. அதற்கு நேர்கீழே போக விடவில்லை. ஏன் என்று கேட்ட பையனிடம் ஒரு காய்ந்த கட்டையைக் கொடுத்து எறியச் சொன்னார். கட்டை உள்ளே போய் முங்கியது, எழும்பியது, திரும்பவும் விழுகிற தண்ணிக்கே இழுபட்டுப் போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் வெளியே வரவில்லை. "வெள்ளையா நுரைக்கிற தண்ணில பாதி காத்து. காத்து ஆளைத் தூக்காது" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தப் பையனுக்கு இவ்வளவு விளங்கியிருக்காது.

மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தபிறகு, இடுப்பளவுத் தண்ணியில் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று நின்றோம். தங்கச்சிமாருடைய சால்வைகளை வாங்கி வைத்துவிட்டார். தண்ணியில் அது கழுத்தையும் காலையும் சுற்றும். 26 பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் மூன்றே மூன்று பேர். நம்முடைய பீலித் தண்ணியில் விரலை வைத்தாலே விறைக்கும்; கித்துல்கல எவ்வளவோ பள்ளத்தில் இருப்பதால் தண்ணி இதமாக இருந்தது. பிள்ளைகள் வெளியே வர மாட்டேன் என்றார்கள்.

ஒரு மணி கழிந்திருக்கும். அய்யா திடீரென்று விசிலை ஊதினார். ஓடையில் இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி பால் தேத்தண்ணி நிறமாக மாறியது. ஓடையோரமாக ஓட விடாமல், நேராக மேட்டில் ஏற்றினார். கால் மணி நேரத்தில் நாங்கள் உட்கார்ந்து சோறு சாப்பிட்ட பாறையைக் காணவில்லை. இரண்டு சோத்துப் பார்சலும் ஒரு செருப்பும் போனது. அந்தச் செருப்புக்காரன் எட்டு வயசுப் பிள்ளை. புதுச் செருப்பு, வீட்டில் அடி விழும் என்று திரும்பி இறங்கப் பார்த்தான். அய்யா கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

தாய்மாரே, காசு கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் பயணத்துக்கு அனுப்பும்போது "செருப்புப் போனாலும் பரவாயில்ல, நீ வந்து சேரு" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இனி, பேசாமல் வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்பவர்களுக்கு. "ஆத்துப் பக்கம் போகாதே" என்று நாம் எல்லோரும் சொல்லித்தான் வளர்க்கிறோம். சின்னதில் கேட்பான். பதினாறு வயசில் கூட்டாளிகளோடு, சிலநேரம் போத்தலோடும், யாருக்கும் சொல்லாமல் போவான். அப்போது விசில் ஊத ஆள் இருக்காது. எனக்கு அந்தப் போக்குத்தான் பெரிய பயம்.

ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். யாராவது தண்ணியில் அகப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒரு சாவு இரண்டாகும். கயிறு, சேலை, நீளக் கம்பு, மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை எறியுங்கள். வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லாவிட்டால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சையும் அழுத்த வேண்டும். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். அதற்குக் காசு இல்லை. ஊதுவதையும் அழுத்துவதையும் கூட்டம் முடிந்ததும் பொம்மையை வைத்துக் காட்டப்போகிறார்கள். தகப்பன்மாரும் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்த பயணத்துக்கு வர விரும்புகிறவர்கள் பிள்ளைக்காம்பராவில் பெயர் கொடுக்கலாம். பொம்பளைப் பிள்ளைகளோடு இரண்டு தாய்மாராவது வர வேண்டும். துவாய், மாற்றுடுப்பு, ஒரு முடிச்சு உப்பு போதும். செருப்பு பழசாகவே இருக்கட்டும்.