குளுமை கூரையில் தொடங்குகிறது

வீட்டைக் குளுமையாகக் கட்டும் கலையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். மின்சாரச் சிக்கனம் என்றதும் விளக்கை அணைப்பது, நட்சத்திரக் குறியிட்ட ஏசி வாங்குவது என்றுதான் நம் நினைப்பு ஓடுகிறது. ஆனால் ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதில் கணிசமான பங்கு, அந்த வீட்டைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுமுறை. இடைப்பட்ட மாதங்களிலும் நண்பகலில் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. ஆகவே நம் ஊர் வீட்டில் வெயிலை அதிகம் வாங்குவது மொட்டைமாடிதான். வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் அந்தச் சூட்டைக் குடித்துவிட்டு, மாலைக்கு மேல் மெல்ல உள்ளே இறக்குகிறது. அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல்லைப் போல, இரவு பத்து மணிக்கும் தளம் தகிக்கிறது. மின்விசிறி அந்த வெக்கையைத்தான் நம் தலைமேல் தள்ளுகிறது.

இதை நம் பழைய கொத்தனார்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். செங்கல்லை உடைத்துச் சல்லியாக்கி, நீற்றிய சுண்ணாம்போடு கலந்து, சில நாள் ஊறவிட்டு, தளத்தின் மேல் சுமார் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். கட்டை உள்ளே பதியாமல் துள்ளி எழும்பினால்தான் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் தட்டோடு பதித்து இணைப்புகளைப் பூசுவார்கள். மழைநீர் ஓடவும் இதுவே வாட்டம் கொடுத்தது, சூட்டைத் தடுக்கவும் இதுவே உதவியது.

இந்த முறையைப் போற்றும்போதே அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வீடுகளுக்காக 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வெப்பநிலை வித்தியாசம் இருக்கையில், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக உள்ளே விடுகிறது. சுண்ணாம்புச் சல்லித் தளம் அதைக் குறைக்கும், ஆனால் அது மட்டும் இந்த அளவை எட்டாது. அதற்கு அடியில் இரண்டு அங்குலக் கனத்தில் வெப்பத்தடுப்புப் பலகை வைத்தால் தாராளமாக எட்டிவிடலாம். மேலே வெள்ளைத் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ இருந்தால் வெயிலில் பெரும்பங்கு வந்த வழியே திரும்பிவிடும். பழையதும் புதியதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடம் இது.

அடுத்தது சுவர். இங்கே லாரி பேக்கரை நினைக்காமல் மேலே போக முடியாது. 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். சாதாரணச் செங்கல்லை வைத்துக்கொண்டு ஏழைக்கும் எட்டும் வீடுகளைக் கட்டிக் காட்டினார். அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்துவார்கள். ஒன்பது அங்குலச் சுவரில் வெளிப்புறம் ஒரு கல், உள்புறம் ஒரு கல், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். அடுத்து, இரண்டையும் பிணைக்க ஒரு குறுக்குக் கல். அடைபட்டு நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. செங்கல்லிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சம். செங்கல் மிச்சமானால் சூளையில் எரியும் விறகும் நிலக்கரியும் மிச்சம்தானே!

ஆனால் இது கை நிதானம் கேட்கும் வேலை. கலவை அந்த வெற்றிடத்துக்குள் விழுந்தால் பயன் குறையும். அதனால் பழகிய கொத்தனார் கலவை வைக்கும்போது ஒரு மரச்சட்டத்தால் அந்தப் பொந்தை மூடிக்கொண்டே வைப்பார். அடிவரிசையும், சன்னல், நிலை ஓரங்களும் கெட்டியாகக் கட்டப்பட வேண்டும். மின்கம்பிக் குழாய் எங்கே ஓடும் என்பதை முதலிலேயே குறித்துவிட வேண்டும். சுவர் எழும்பிய பிறகு உளியால் வெட்டினால் கல் உடையும். 'இது தெரிந்த ஆள் கிடைக்கவில்லை' என்று பலர் சொல்வது நியாயமான குறைதான். அதற்காக முறையைக் கைவிட வேண்டியதில்லை, ஆளைப் பழக்கினால் போதும்.

மூன்றாவது திசை. தெற்குச் சன்னலுக்கு இரண்டடி வெயில்தாங்கி போட்டால் நிழல் கிடைத்துவிடும். மேற்கு அப்படியல்ல. பிற்பகல் சூரியன் தாழ வந்து, வெயில்தாங்கிக்கு அடியில் நுழைந்து, கட்டில் வரை நீளும். மேற்கில் பெரிய கண்ணாடிச் சன்னல் வைப்பது அழகுக்கு ஆசைப்பட்டு அனலை அழைப்பதாகும். அந்தப் பக்கம் படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை வரட்டும். வெளியே ஒரு வேம்பு வளர இடம் விடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகுதான் மின்சாதனத்தின் முறை. பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி (தூரிகையற்ற நேர்மின்னோட்ட மோட்டார்) விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு விசிறியிலேயே சுமார் 40 யூனிட் மிச்சமாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டும் தமிழ்நாட்டு வீட்டில் இது சின்ன அளவல்ல. ஏசி தேவைப்பட்டால் 24 டிகிரியில் வையுங்கள். குளுமையாகக் கட்டிய வீட்டில் அதுவே தாராளம்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். முதலில் மாடிக்கு வெள்ளைப் பூச்சு, அடுத்து மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத்தில் தட்டி அல்லது பாய், அதற்கடுத்து விசிறி மாற்றம். இந்த வரிசையில் செய்தால் செலவும் கையைக் கடிக்காது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வெள்ளைப் பூச்சில் புழுதி படிந்தால் பலன் குறைந்துவிடும். கழுவவும் வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூசவும் வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமையலறை மேடைக்கு எந்தக் கிரானைட் என்று கேட்பதற்கு முன், பொறியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தளத்தின் மேல் என்ன போடப் போகிறீர்கள்? மேற்குச் சுவருக்கு நிழல் எங்கிருந்து வரும்? காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறும்? வரைபடம் காகிதத்தில் இருக்கும்போது இவற்றுக்கு ஆகும் செலவு குறைவு, பிறகு திருத்துவதென்றால் அதிகம். ஐம்பது ஆண்டு நிற்கும் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்றாக 300 மின்கட்டண ரசீதுகள் வரும். அவற்றில் எழுதப்போகும் தொகையைக் குறைக்கும் வாய்ப்பு, வரைபடம் போடும் அந்தச் சில நாட்களில் உங்கள் கையில் இருக்கிறது. அதை நழுவவிடாதீர்கள்.